ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "அப்பா, அவன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னாத்தான் கேப்பான். போகக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். என் பேரனும் அவனுடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் மார்கழி மாதத்தில் பெரம்பலூரிலிருந்து காரிலேயே மணாலிக்குப் போகிறார்களாம். ரயில் வேண்டாம், விமானம் வேண்டாம். ஆத்தூர், சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, சண்டிகர் என்று போய், குலு பள்ளத்தாக்கில் ஏறி, மணாலி தாண்டி, அந்தப் பெரிய சுரங்கப் பாதைக்குள் புகுந்து, மறுபக்கம் பனியைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஒரு வழிக்கே சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். வண்டி என் மாப்பிள்ளையின் எட்டு வருஷத்து டீசல் கார். துறைமங்கலத்திலிருந்து திருச்சிக்கும் அரியலூருக்கும் போய் வந்த வண்டி. அது ஏறிய பெரிய மலை பச்சைமலைதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்திருக்கும், இல்லையென்றால் அடுத்த வருஷம் வரும். முன்பெல்லாம் பிள்ளைகள் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போவார்கள். இப்போது லடாக், காஷ்மீர், மணாலி என்கிறார்கள். செல்போனில் படம் பார்க்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? "போகாதே" என்கிறோம். அவர்கள் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு குரங்குக் குல்லாவும் முறுக்கு டப்பாவும் எடுத்து வைக்கிறோம். வண்டி என்ன நிலைமையில் இருக்கிறது என்று எந்த வீட்டிலாவது பெரியவர் ஒருவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் என் மகளிடம், "போகக் கூடாதுன்னு சொல்ல மாட்டேன்மா. வண்டியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1962இல் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று. என் அண்ணன் வைத்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். சில வருஷம் கழித்து என்னையும் கூப்பிட்டார். அப்பா "போகாதே" என்றார். நான் போகவில்லை. மறுபடி தமிழில் பரீட்சை எழுதி, சர்க்கார் குமாஸ்தாவாகி, இந்தப் பக்கம் வந்து குடியேறிவிட்டேன். வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு வார்த்தை காதில் இருக்கிறது. இன்னொரு பையன் காதில் அதை நான் போட வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு டிக்டே உண்டு. வாத்தியார் பிரெஞ்சில் வாசிப்பார், நாங்கள் தப்பில்லாமல் எழுத வேண்டும். பாதிப் பாடம் பனியைப் பற்றித்தான் இருக்கும். கடற்கரை ஊரில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துகொண்டு, கூரை மேல் பனி விழுவதைப் பற்றி எழுதிக்கொண்டிருப்போம். வாத்தியாரும் பனியைப் பார்த்தவர் இல்லை. அப்படிப் படித்த ஒரு வார்த்தை வெர்க்லா. விழுகிற பனிக்கு நேழ் என்று பெயர். சாலை மேல் கண்ணாடி பூசினாற்போல் உறைந்து கிடக்கிற மெல்லிய தகட்டுக்கு வெர்க்லா. இரண்டும் வேறு வேறு. நேழ் கண்ணுக்குத் தெரியும். வெர்க்லா தெரியாது, ஈரச் சாலை மாதிரி இருக்கும்.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் பனிதான். மார்கழிக் காலையில் சோளத் தட்டையில் நிற்கிற துளியும் பனி, நெடுஞ்சாலையில் லாரி விளக்கை மறைக்கிற மூட்டமும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. உறைபனி என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள், வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "நாங்க பனியிலயே வண்டி ஓட்டியிருக்கோம்" என்று சொல்கிற பையன்களை எனக்குத் தெரியும். என் பேரனும் அதில் ஒருத்தன்.

சனிக்கிழமை வண்டியோடு வந்தான். கூடவே ஒரு சிநேகிதனும். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். பெங்களூரில் வேலை. கைப்பேசியில் எந்த ஊரில் எந்த ஓட்டல் என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். "வண்டிக்கு என்னப்பா பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டேன். "சர்வீஸ் விட்டாச்சு தாத்தா. வாட்டர் வாஷ் பண்ணி, வீல் அலைன்மென்ட் பாத்தாச்சு. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர்ல பூஜை" என்றான். மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள் என்பதால் அதற்குத் தேதி பார்த்து வைத்திருக்கிறார்கள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார்கள். வைக்கட்டும், நானும் கூடப் போகிறேன். ஆனால் டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பானெட்டைத் திறக்கச் சொல்லி, வண்டி ஆறியிருந்ததால் கூலண்ட் டப்பாவின் மூடியையும் திறந்து பார்த்தோம். டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர். கூலண்ட் என்று ஒன்று என்றைக்கோ ஊற்றியிருந்தார்கள் போலிருக்கிறது. அப்புறம் குறையக் குறையத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். எங்கே ஊற்றினீர்கள் என்று மாப்பிள்ளையைப் போனில் கேட்டேன். "வீட்டு போர்த் தண்ணிதான் மாமா" என்றார்.

நம் பக்கத்துத் தண்ணீர் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரியலூர்ப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் பூமி. ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் என்று புவியியல்காரர்கள் சொல்கிறார்கள். கிளிஞ்சல்களும் நத்தைக் கூடுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அத்தனை சிமெண்ட் ஆலைகள் இங்கே இருப்பதும் அதனால்தான். இந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. ரேடியேட்டரிலும் அதுதான் நடக்கும். சமவெளியில் அதனால் வண்டி சூடாகும், வழியில் நின்று ஆறவிட்டுப் போகலாம். பனிமலையில் கதை வேறு. தண்ணீர் சுழியம் டிகிரியில் உறைகிறது, உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் பெருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து மறந்துபோனவர்களுக்கு இது தெரியும். ரேடியேட்டருக்குள்ளும் இன்ஜின் பிளாக்குக்குள்ளும் அப்படிப் பெருத்தால் இரும்பு வெடிக்கும். ராத்திரி நிறுத்தும்போது வண்டி நன்றாக இருக்கும். காலையில் பனி உருகி ஒழுகும்போதுதான் விரிசல் தெரியும். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, இன்ஜின் போய், கையில் பணமும் இல்லாமல் நிற்க வேண்டும்.

பட்டறைக்குப் போனோம். எந்தப் பட்டறை என்று எழுத மாட்டேன். மெக்கானிக் தங்கமான தம்பி, கை வேலை சுத்தம். அவரும், "நம்ம ஊர் வெயிலுக்கு என்ன சார், தண்ணியே போதும். கூலண்ட்டெல்லாம் கம்பெனிக்காரன் காசு பாக்கறதுக்கு" என்றார். நம் ஊருக்கே அது சரியில்லை. கூலண்ட் துரு பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஆனால் வெயிலிலேயே பிழைக்கிற மனிதரிடம் குளிரைப் பற்றி வாதாடி என்ன பயன்? "தம்பி, முழுசா இறக்கி, ரெண்டு தடவை நல்ல தண்ணி விட்டு அலசிட்டு, புதுசு ஊத்துங்க" என்றேன்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. அதில் பையன்கள் தப்புச் செய்தார்கள். கூலண்ட்டில் முக்கியமான சரக்கு எத்திலீன் கிளைக்கால். அதுவும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் என்றால் மைனஸ் 18 வாக்கில். அப்படியானால் தண்ணீரே கலக்காமல் முழுசாக ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று பேரனின் சிநேகிதன் கேட்டான். இல்லை. சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். கலப்புதான் பலம். அந்தக் கலப்பும் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான், போர்த் தண்ணீரில் இல்லை. கடையில் கலந்தே விற்கிறார்கள், மறுபடி அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. டப்பாவில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் அரசாணைகளைப் படித்தவனுக்கு டப்பா படிப்பது ஒரு கஷ்டமா?

படிக்கிற பழக்கத்தைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. எங்கள் காலத்தில் பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் தனி மாவட்டமானது. 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் முத்திரை, லெட்டர்பேடு, பெயர்ப் பலகை எல்லாம் மாறும். ஒரு வார்த்தை மாறினால் எத்தனை கோப்பு திரும்பி வரும் என்பதை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆகவே பொறுமையாகப் படிப்போம். எண்ணெய் டப்பாவையும் படித்தேன். 5W-30, 20W-40 என்று போடுகிறார்களே, அந்த டபிள்யூ எதற்கு என்று மெக்கானிக்கைக் கேட்டேன். தெரியாது என்றார். அது விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் அதிகம் கெட்டிப்படாது. பனியே விழாத ஊரில் விற்கிற ஒவ்வொரு டப்பாவிலும் அந்த எழுத்து இருக்கிறது. வண்டியின் கையேட்டில் எந்த எண் சொல்லியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொன்னேன்.

பேட்டரியைப் பற்றி நீட்ட வேண்டாம். சுழியம் டிகிரியில் அதன் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, எண்ணெய் கெட்டிப்பட்டதால் இன்ஜினோ அதிக பலம் கேட்கிறது. இங்கே "ரெண்டாவது தடவை செல்ஃப் எடுக்குது" என்று சொல்கிற பேட்டரி அங்கே காலையில் எடுக்கவே எடுக்காது. இவர்களுடையது நான்கு வருஷம் ஆனது. மாற்றச் சொல்லிவிட்டேன். டயரில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். பனிக்கு நான்கு மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறார்கள் குளிர் நாட்டுக்காரர்கள். முன் டயர் இரண்டும் மொட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தன. அவையும் புதிது. காற்றைப் பொறுத்தவரை, வெப்பம் ஐந்தரை டிகிரி குறைந்தால் சுமார் ஒரு பவுண்டு இறங்கும். நம் ஊரில் அடித்த காற்று அங்கே விடிகாலையில் ஆறு பவுண்டு வரை குறைந்திருக்கும். உயரம் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் கொஞ்சம் கூடவும் காட்டும். ஆகவே இங்கே கணக்குப் போட்டுப் பயனில்லை, அங்கே போய் வண்டி ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்பீர்கள். 2008இல் ஓய்வு பெற்று, மறு வருஷம் ஜனவரியில் அண்ணன் மகன் அழைத்துப் பிரான்சுக்குப் போனேன். அவன் இருப்பது க்ரெநோபிள் பக்கம், சுற்றிலும் ஆல்ப்ஸ். அவன் வீட்டுக் கொட்டகையில் ஒரு செட் டயர் சுவரில் மாட்டியிருந்தது. கோடைக்கால டயராம். குளிருக்கு வேறு ரப்பர். ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் விறைத்துப்போய்ச் சாலையைப் பிடிக்காது என்றான். பனிக்கால டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் அச்சடித்திருக்கும். டிக்கியில் ஒரு மண்வெட்டி, ஒரு கம்பளி, ஒரு ஜோடி சங்கிலி. நம் வீட்டு வண்டிகளின் டிக்கியில் பஞ்சர் ஆன ஸ்டெப்னி இருக்கும்.

ஒரு நாள் மலைக் கிராமத்துக்குப் போய்த் தங்கினோம். ராத்திரி வண்டியை நிறுத்தினதும் நான் பழக்க தோஷத்தில், "ஹேண்ட் பிரேக் போட்டியா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "போடக் கூடாது சித்தப்பா, ஒட்டிக்கும்" என்றான். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தினான். பக்கத்து அறையில் தங்கியிருந்த ஒருவர் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டார். மறுநாள் காலை வண்டியை நகர்த்த முடியாமல் அரை மணி நேரம் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து முன் கண்ணாடியில் ஊற்றப் போனார். அண்ணன் மகன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தான். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் பட்டால் சட்டென்று விரிசல் விட்டுவிடும்.

அங்கே இப்போது சட்டமே வந்துவிட்டது. அதைப் பிரெஞ்சில் வாசித்துப் பார்த்தேன், இந்த ஜில்லாவில் எனக்கு வேறு எதற்குப் பயன்படப் போகிறது அந்த மொழி? 2020 அக்டோபரில் ஆணை போட்டார்கள், 2021 நவம்பரிலிருந்து நடைமுறை. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குறிப்பிட்ட மலைப் பகுதிகளுக்குள் நுழைகிற கார் நான்கு பனிக்கால டயரோடு இருக்க வேண்டும், அல்லது இழுக்கும் சக்கரங்கள் இரண்டுக்காவது சங்கிலி வைத்திருக்க வேண்டும். சங்கிலிக்குப் பதில் துணியில் செய்த காலுறை போன்ற ஒன்றையும் ஏற்கிறார்கள். கனடாவில் நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிற மாண்ட்ரியால், கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எல்லாக் காருக்கும் பனிக்கால டயர் கட்டாயம்.

நம் நாட்டில் பனி விழுந்த அன்றைக்குத்தான் போலீசார் சாலையில் நின்று, நான்கு சக்கர இழுவை வண்டிகளையும் சங்கிலி போட்டவற்றையும் மட்டும் விடுகிறார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான வண்டிகள் மேலே போயிருக்கும். 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே ஆயிரம் வண்டிகள் வாக்கில் மாட்டிக்கொண்டன. 2018 டிசம்பரில் சிக்கிமில் நாதுலா பக்கம் மாட்டிய சுமார் 2,500 பேரை ராணுவம் காப்பாற்றித் தன் முகாம்களில் தங்க வைத்தது. கீழேயே, சண்டிகரிலோ மண்டியிலோ, டிசம்பர் முதல் மார்ச் வரை வண்டியில் சங்கிலி இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினால் என்ன? சங்கிலி வாடகைக்கு விடுகிறவர்களுக்குத்தான் கொண்டாட்டம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஹெல்மெட் சட்டம் வந்தபோதும் ஹெல்மெட் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்றுதான் சொன்னோம்.

சட்டம் வரும்போது வரட்டும் என்று நாங்கள் சங்கிலியைத் தபாலில் வரவழைத்துவிட்டோம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிற அளவைப் பார்த்து வாங்க வேண்டும், எல்லா வண்டிக்கும் ஒன்று பொருந்தாது. போன புதன்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில், நல்ல வெயிலில், என் பேரன் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து டயருக்குச் சங்கிலி மாட்டிப் பழகினான். முதல் தடவை பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். "உன் வண்டி முன் சக்கரத்தாலதான்டா இழுக்குது, முன்னாடி மாட்டு" என்றேன். அப்புறம் முன் சக்கரத்தில் மாட்ட நாற்பது நிமிஷம். இரண்டாவது முறை இருபத்தைந்து. நாலாவது முறை பதினொன்று. எதிர்வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, மாட்டுக்குச் சலங்கை கட்டுற மாதிரி கட்டுறான் பேரன்?" என்றார். தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். என் பேரனுக்கு வெட்கம், ஆனால் விடவில்லை. இருட்டில், விரல் மரத்துப்போன நிலையில், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும்போது முதல் முறையாக அந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கே புரிந்துவிட்டது. ஐந்தாவது முறை விளக்கை அணைத்துவிட்டுக் கையுறையோடு மாட்டினான். பனி இல்லாத தார் சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும், மாட்டியிருக்கும் வரை முப்பது நாற்பதுக்கு மேல் போகக் கூடாது.

சக்கரம் சுழன்றால் அடியில் போடச் சாக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சிநேகிதன் ஆலையிலிருந்து நாலு சிமெண்ட் சாக்கு கொண்டுவந்தான். அது பிளாஸ்டிக், அது போட்டால் வண்டி இன்னும் வழுக்கும். மண்டிக்குப் போய்ச் சணல் கோணி இரண்டு வாங்கிவந்தோம், சின்ன வெங்காய வாசனையோடு.

டீசல் விஷயத்தில் என்னை அவர்கள் நம்பவே இல்லை. குளிரில் டீசலில் இருக்கிற மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். லடாக்குக்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடுகிற டீசலைக் கொண்டுவந்தது. ஆகவே கேனில் சமவெளி டீசலைக் கொண்டுபோய் மலையில் ஊற்றக் கூடாது. மண்டி, குலு தாண்டி அங்கே விற்பதை நிரப்ப வேண்டும். டாங்க் எப்போதும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு முன்னால் டெல்லி இருக்கிறது. இவர்கள் வண்டி 2020க்கு முந்தையது, பி.எஸ்.4 டீசல். குளிர்காலத்தில் டெல்லிக் காற்று மோசமாகி மூன்றாம் கட்டக் கட்டுப்பாடு வந்தால் அந்த வண்டி டெல்லிக்குள் ஓடக் கூடாது. அபராதம் உண்டு. ஓட்டல் பட்டியல் போட்ட பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. கிளம்பும் முன் அன்றைய நிலவரம் பார்த்து, தேவையானால் ராஜஸ்தான் வழியாகச் சுற்ற வேண்டியதுதான்.

நான் மிகவும் யோசித்துவிட்டுச் சொன்ன ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் மர்ரீ என்ற மலை ஊரில் பனி கொட்டி, சாலையில் ராத்திரி முழுக்கக் கார்கள் நின்றுவிட்டன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், குழந்தைகளும் உண்டு. சிலர் குளிரினால் இல்லை, கார் புகையினால். சூட்டுக்காக இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். சைலன்சர் குழாயைப் பனி மூடிவிட்டது. புகை உள்ளே வந்துவிட்டது. அந்தப் புகையில் கொல்லுகிற வாயுவுக்கு வாசனை கிடையாது. மாட்டிக்கொண்டால் முதலில் இறங்கிப் பின்னால் போய்க் குழாயைச் சுற்றிப் பனியை வாரித் தள்ள வேண்டும், மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓடவிட வேண்டும், ஒரு கண்ணாடி விரல் அளவு திறந்திருக்க வேண்டும், நான்கு பேரில் ஒருத்தர் விழித்திருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது என் மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் வந்திருந்தாள். ஒன்றும் பேசாமல் இரண்டு பழைய ஜமுக்காளத்தை எடுத்து வந்து வைத்தாள்.

இத்தனையும் செய்த பிறகு என் கருத்து என்ன என்றால், மணாலியோடு நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தது. ஒன்பது கிலோமீட்டர் நீளம், பத்தாயிரம் அடி உயரம். அதற்கு முன்பு குளிர்காலத்தில் ரோதாங் கணவாய் மூடிக் கிடக்கும், ஆசைப்பட்டாலும் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. இப்போது பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம், இந்தப் பக்கம் வெயிலும் அந்தப் பக்கம் பனியுமாக இருக்கும். அங்கேதான் வெர்க்லா. அதில் வண்டி நிற்கப் பத்து மடங்கு தூரம் வரை தேவைப்படும். சிமெண்ட் லாரியை ஹாரன் அடித்து ஓவர்டேக் செய்கிற நம் ஓட்டம் அங்கே உதவாது. பிரேக்கை அழுத்தினால் வண்டி பாட்டுக்குப் பள்ளத்தைப் பார்த்துப் போகும். கீழ் கியரில் இறங்கத் தெரிய வேண்டும். நம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் யாருக்கும் அதைச் சொல்லித் தருவதில்லை. உள்ளூர் டிரைவர்கள் அந்தச் சாலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் வண்டியும் அதற்கென்றே இருப்பது. மணாலியில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் நான்கு பேருக்குப் பங்கு போட்டு ஒன்றும் பெரிய பணம் இல்லை.

"அப்புறம் எதுக்கு தாத்தா இவ்ளோ செலவு, சங்கிலியெல்லாம்?" என்று பேரன் கேட்டான். மணாலியிலேயே பனி விழும், ராத்திரியில் சுழியத்துக்குக் கீழே போகும். வண்டி அங்கே தெருவில்தானே நிற்கப் போகிறது? அதுவுமில்லாமல் பத்தொன்பது வயதிலிருந்து இருபத்தாறு வயது வரை ஒரு பையன் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவான் என்று நம்பிச் சங்கிலி இல்லாமல் அனுப்ப நான் தயாராக இல்லை. அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. "இருக்கட்டும்டா" என்றேன்.

பேட்டரி, இரண்டு டயர், கூலண்ட், எண்ணெய், சங்கிலி எல்லாம் சேர்த்து வந்த தொகையில் பாதியை நான் கொடுத்தேன். என் மனைவிக்கு இன்னும் கணக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் பூஜை முடிந்ததும் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு நாளும் ராத்திரி ஒன்பது மணிக்கு, நின்ற ஊர், கூலண்ட் மட்டம், டயர் காற்று மூன்றையும் என் மகளுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அவள் அதற்கென்று ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.